வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தால்: குடும்பத்துக்கு ஒரு வெளியேற்றத் திட்டம்

வெள்ளம் வடிந்த பிறகு மாதக்கணக்கில் எங்களை அலையவைத்தது காகிதங்கள்தான். சுவர் காய்ந்துவிட்டது, கட்டிலை மாற்றிவிட்டோம். ஆனால் ஒரு கவுன்டரில் அடையாள அட்டை இல்லாமல் பத்திர நகல் தர முடியாது என்பார்கள். அடையாள அட்டைக்குப் போனால் முகவரிச் சான்று எங்கே என்பார்கள். முகவரிச் சான்றுக்குப் போனால் பத்திர நகல் கொண்டுவாருங்கள் என்பார்கள். அந்த அலைச்சலுக்கு நடுவில்தான் எல்லாரும் உட்கார்ந்து முறையாக ஒரு திட்டம் போட்டோம்.

கிடைக்கிற அறிவுரைகளில் முக்கால்வாசி, பையில் என்ன வைப்பது என்பதோடு நின்றுவிடுகிறது. எப்போது கிளம்புவது, அதை யார் சொல்வது, நடக்க முடியாத பாட்டியை யார் தூக்குவது என்பதற்கெல்லாம் பை பதில் சொல்லாது. அதனால் இங்கே பை ஆறாவதாகத்தான் வருகிறது.

மொத்த வேலையும் இரண்டு வார இறுதிகளில் முடிந்துவிடும். முதல் நான்கு படிகளுக்குச் செலவே இல்லை. ஒரு தாள், ஒரு பேனா, வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார ஒரு மாலை, அவ்வளவுதான்.

1. எந்த ஆபத்து, எவ்வளவு அவகாசம்

எல்லாப் பேரிடருக்கும் ஒரே திட்டம் சரிப்படாது. ஒவ்வொன்றும் கொடுக்கும் நேரம் வேறு. புயலுக்குப் பெரும்பாலும் ஓரிரு நாள் முன்பே எச்சரிக்கை வந்துவிடும். பெரிய ஆற்றில் தண்ணீர் ஏற மணிக்கணக்கில் ஆகலாம். மலையடிவாரத்துத் திடீர் வெள்ளம் நிமிடங்களில் வந்துவிடும். காட்டுத்தீ காற்றைப் பொறுத்தது. 2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகரை அழித்த தீ, காலையில் பிடித்து இரண்டு மணி நேரத்துக்குள் ஊருக்குள் வந்துவிட்டது. 85 பேர் இறந்தார்கள்.

நிலநடுக்கத்துக்கு அவகாசமே கிடையாது. அதிரும்போது ஓடவும் கூடாது. உறுதியான மேசைக்கு அடியில் புகுந்து, தலையை மறைத்து, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதிர்வு நின்ற பிறகுதான் வெளியே வரவேண்டும். கடற்கரையில் இருப்பவர்களுக்கு அந்த அதிர்வே சுனாமி எச்சரிக்கை. நிலம் பலமாகவோ நீண்ட நேரமோ அதிர்ந்தால், கடல் திடீரென்று உள்வாங்கினால், கடலிலிருந்து பேரிரைச்சல் கேட்டால், அறிவிப்புக்குக் காத்திருக்காமல் மேட்டைப் பார்த்து நடையைக் கட்டுங்கள். சரிவில் குடியிருந்தால் தரையில் புதிதாக விரிசல் தெரிகிறதா, ஓடை நீர் திடீரென்று கலங்குகிறதா அல்லது குறைகிறதா என்று பாருங்கள். நிலச்சரிவுக்கு முன் இப்படி நடக்கும்.

உங்கள் வீட்டுக்கு உண்மையிலேயே வரக்கூடிய இரண்டு அல்லது மூன்று ஆபத்துகளை மட்டும் தாளில் எழுதுங்கள். உள்ளாட்சியோ பேரிடர் மேலாண்மைத் துறையோ வெள்ள அபாய வரைபடம் வெளியிட்டிருந்தால் உங்கள் தெரு அதில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் தெருவிலேயே நெடுநாள் இருக்கும் பெரியவர் யாரிடமாவது போய், போன தடவை தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். எந்த வாய்க்கால் முதலில் பொங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வரைபடத்துக்குத் தெரியாது.

2. எப்போது கிளம்புவது என்ற கோட்டை இப்போதே போடுங்கள்

திட்டத்தில் ஒரே ஒரு படிதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

மழை கொட்டும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சுதான் நடக்கும். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்." அப்பா பார்ப்போம் என்பார், அம்மா போய்விடலாம் என்பார், அதற்குள் பாலம் மூழ்கிவிடும். இந்த வாக்குவாதத்தை வெயில் நாளிலேயே முடித்துவிட வேண்டும். கண்ணால் பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று சொல்லக்கூடிய ஓர் அடையாளத்தைக் கோடாக வையுங்கள். "மழை அதிகமானால்" என்பது கோடு ஆகாது. "தெருமுனைக் கல்வெர்ட்டின் மேல்விளிம்பைத் தண்ணீர் தொட்டால்", "எங்கள் பகுதிக்கு வெளியேறும் அறிவிப்பு வந்தால்", "புகை தெரியும் திசையிலிருந்து காற்று எங்கள் பக்கம் திரும்பினால்" என்பவைதான் கோடு.

கோட்டை எங்கே போடுவது என்பதற்கு ஒரு கணக்கு. வீட்டுக்குள் கிளம்பத் தேவைப்படும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போகும் இடத்துக்கு வழக்கமாக ஆகும் பயண நேரத்தை மூன்றால் பெருக்கிச் சேருங்கள். மேலே ஒரு மணி நேரம் போடுங்கள். கிளம்ப அரை மணி, பயணம் நாற்பது நிமிடம் என்றால் மொத்தம் மூன்றரை மணி நேரம். மூன்று மடங்கு எதற்கு என்று தோன்றலாம். 2005இல் ரீட்டா சூறாவளிக்கு முன் ஹூஸ்டன் பகுதி மக்கள் லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் கிளம்ப, நெடுஞ்சாலைகளில் வண்டிகள் மணிக்கணக்காக நின்றன. பல வண்டிகளில் எரிபொருள் தீர்ந்து வழியிலேயே மாட்டிக்கொண்டார்கள். கணக்குப்படி கிளம்பும் நேரம் நள்ளிரவில் விழுந்தால், இருட்டுவதற்கு முன்பே கிளம்புங்கள்.

முடிவெடுப்பது யார்? ஒருவர் பெயரை எழுதுங்கள். அவர் வெளியூரில் இருந்தால் யார் என்று இன்னொரு பெயரும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் வைத்திருக்கும் விதி எனக்குப் பிடித்தது: இருந்து பார்க்கலாம் என்றால் எல்லாரும் சம்மதிக்க வேண்டும், கிளம்பலாம் என்பதற்கு ஒருவர் சொன்னால் போதும்.

பொதுவான பொறி ஒன்று உண்டு. "வண்டியில் தாண்டிவிடலாம்." வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே பெரியவர்களைத் தள்ளிவிடும். 30 செ.மீ. சிறிய காரை மிதக்க வைக்கும். 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். சாலையே அரித்துப் போயிருந்தாலும் மேலிருந்து பார்த்தால் தெரியாது. கோட்டைத் தவறவிட்டு, தண்ணீர் சூழ்ந்துவிட்டது என்றால் இறங்கி நடக்காதீர்கள். மேல்மாடிக்குப் போய் உதவி கேளுங்கள். வெளியேற வழியில்லாத மூடிய பரணுக்குள் மட்டும் ஏறவேண்டாம்.

3. எங்கே போவது

மூன்று இடங்கள் வேண்டும். வீட்டு வாசலுக்கு எதிரே, தீயோ நிலநடுக்கமோ வந்தால் எல்லாரும் கூடித் தலை எண்ண ஓர் இடம். தெருவுக்கே போகமுடியாவிட்டால் சந்திக்க, பகுதிக்கு வெளியே ஓர் இடம். இரவு தங்க ஓர் இடம். சுனாமி என்றால் 30 மீட்டர் உயரம், அல்லது கடலிலிருந்து 3 கி.மீ. உள்ளே என்று நினைவில் வையுங்கள். அவ்வளவு முடியாவிட்டால் முடிந்தவரை உயரம். முதல் அலையோடு முடிவதில்லை, பின்னால் வருபவை இன்னும் பெரிதாக இருக்கலாம், பல மணி நேரம் தொடரலாம்.

தங்குமிடம் உறவினர் வீடு என்றால் இப்போதே வாய்விட்டுக் கேளுங்கள். எத்தனை பேர், எத்தனை நாள், நாய் வரலாமா? அவர்கள் வீடும் அதே ஆற்றங்கரையில் இருந்தால் அது இரண்டாவது இடமே ஆகாது. முகாம்தான் என்றால் அது எங்கே திறக்கும், செல்லப் பிராணியைச் சேர்ப்பார்களா என்று விசாரியுங்கள். பல முகாம்களில் சேர்ப்பதில்லை. 2005இல் கத்ரீனா சூறாவளியின்போது நாய் பூனையை விட்டுவர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் பலர். அதன் பிறகுதான் அமெரிக்காவில் வெளியேற்றத் திட்டங்களில் பிராணிகளையும் சேர்க்க 2006இல் சட்டம் வந்தது.

ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு வழி. இரண்டும் ஒரே பாலத்தையோ ஒரே சுரங்கப்பாதையையோ கடந்தால் அது ஒரு வழிதான். போனில் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிவைத்துக்கொண்டு, அதையே காகிதத்திலும் வரைந்து வையுங்கள்.

4. யாருக்கு எந்த வேலை

"எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்" என்றால் கேஸை யாரும் மூடியிருக்க மாட்டார்கள். பெயர் போட்டுப் பிரியுங்கள்: மெயின் சுவிட்சும் கேஸும் ஒருவர், கோப்பு ஒருவர், மருந்து ஒருவர், குழந்தை ஒருவர், பெரியவர்கள் ஒருவர், பூனைக்கூண்டு ஒருவர். பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒரு வேலை கொடுங்கள், பதற்றம் குறையும்.

திட்டத்தின் வேகம் வீட்டில் மெதுவாக நகர்பவரின் வேகம்தான். படுத்த படுக்கையாக ஒருவர் இருந்தால், தூக்க எத்தனை பேர் வேண்டும், நாற்காலி படியில் இறங்குமா, வண்டியில் ஏறுமா என்று இன்றே செய்து பாருங்கள். ஆட்கள் போதாவிட்டால் பக்கத்து வீட்டில் பேசிவையுங்கள். ஆக்ஸிஜன் கருவி போல மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவி இருந்தால் அவர்களுக்குக் கோடு வேறு. அவர்களை மற்றவர்களுக்கு முன்பே, எச்சரிக்கை வந்த உடனே அனுப்பிவிடுங்கள்.

பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போது நடந்தால்? அவசர காலத்தில் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பார்கள், எங்கே கூட்டிப்போவார்கள் என்று பள்ளியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஜப்பானின் சன்ரிக்கு கடற்கரையில், சுனாமி என்றால் ஒருவருக்காக ஒருவர் காத்திராமல் அவரவர் தனியாக மேட்டுக்கு ஓடிவிட வேண்டும், மற்றவர்களும் ஓடியிருப்பார்கள் என்று நம்பவேண்டும் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் பாடம். 2011இல் கமாயிஷி நகரின் பள்ளிப் பிள்ளைகள் அப்படித்தான் ஓடினார்கள். ஏறத்தாழ 3,000 பேர் பிழைத்தார்கள். இது வேலை செய்வதற்கு ஒரே நிபந்தனை, முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக, வேறு ஊரில் இருக்கும் ஒருவரைத் தொடர்பாளராக வையுங்கள். எல்லாரும் அவருக்கே செய்தி அனுப்ப வேண்டும். அழைப்பு போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி போகும் வாய்ப்பு அதிகம். அவருடைய எண் எல்லாருக்கும் மனப்பாடமாக வேண்டும். இல்லாவிட்டால் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வையுங்கள், ஏனென்றால் இப்போதெல்லாம் மனைவியின் எண் கூட யாருக்கும் நினைவில் இல்லை.

5. காகிதங்கள்

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

கோப்பில் வரவேண்டியவை: அடையாள அட்டைகள், பாஸ்போர்ட், பிறப்பு மற்றும் திருமணச் சான்றுகள், சொத்துப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், காப்பீட்டு பாலிசிகள், வண்டியின் பதிவுச் சான்று, வங்கிக் கணக்கு எண்கள் எழுதிய தாள், கல்விச் சான்றுகள், தடுப்பூசி விவரம், மருந்துச் சீட்டுகள், ஒவ்வொருவரின் ரத்த வகை, ஒவ்வாமை. முகவரி இருக்கும் சமீபத்திய பில் ஒன்றையும் சேருங்கள். அது அற்பமாகத் தோன்றும், ஆனால் நிவாரணம் கேட்டுப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான். பிராணி இருந்தால் அதன் தடுப்பூசி அட்டை. குடும்பம் முழுக்க இருக்கும் ஒரு புகைப்படம். பிரிந்துபோனால் தேடவும், பிள்ளை உங்களுடையது என்று காட்டவும் உதவும்.

மூன்று பிரதிகள் போதும். மூலம் ஒன்று, காகித நகல் ஒன்று, மின்நகல் ஒன்று. மூன்றும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. மூலப் பத்திரம் வங்கி லாக்கரில் இருந்தால் நகல் வீட்டில் இருக்கட்டும். மூலம் வீட்டில் இருந்தால் நகல் அந்த வெளியூர்த் தொடர்பாளரிடம் போகட்டும்.

இங்கேதான் பொறிகள் அதிகம். வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் எடுத்த நகல் பெரும்பாலும் ஈரம் பட்டால் கரைந்துவிடும். கடையில் எடுக்கும் ஜெராக்ஸ் அல்லது லேசர் பிரின்ட் தாங்கும். மூலப் பத்திரங்களை லேமினேட் செய்யாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது, சில அலுவலகங்கள் ஏற்பதும் இல்லை. ஜிப் உறை ஒன்றை மட்டும் நம்பவேண்டாம். முதல் உறையைக் காற்று வெளியேற்றி மூடி, வாய் கீழே இருக்கும்படி இரண்டாவது உறைக்குள் தலைகீழாக நுழைத்துவிடுங்கள். பென் டிரைவில் வைக்கும் நகலுக்குக் கடவுச்சொல் போடுங்கள். இணையத்தில் வைத்திருந்தால், உள்ளே நுழைய வரும் ஓடிபி தொலைந்துபோன போனுக்குத்தான் வரும் என்பதை யோசியுங்கள். பெரும்பாலான மின்னஞ்சல் சேவைகள், போன் இல்லாமலும் உள்ளே நுழைய மாற்றுக் குறியீடுகள் தருகின்றன. அவற்றை அச்சடித்துக் கோப்பில் வையுங்கள்.

எல்லாம் மீறிக் காகிதம் நனைந்துவிட்டால், ஒட்டியிருக்கும் தாள்களைப் பிய்க்காதீர்கள். ஓரிரு நாளுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். அதற்குள் காயவைக்க முடியாத அளவுக்குக் கட்டு இருந்தால், அப்படியே பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். ஆவணக் காப்பகங்களில் செய்வதும் இதைத்தான். உறைந்த காகிதத்தை நேரம் கிடைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவைக்கலாம்.

6. பை

ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர், மூன்று நாளுக்கு வை என்று எல்லாப் பட்டியலும் சொல்லும். நான்கு பேருக்குக் கணக்குப் போடுங்கள்: 48 லிட்டர், அதாவது 48 கிலோ. அதை யார் தூக்குவது? தோள்பையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் வையுங்கள், மிச்சம் வண்டியில் ஏற்றத் தயாராகக் கேன்களில் இருக்கட்டும். பையை மாட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்கிப் பாருங்கள். முடியவில்லை என்றால் பொருளைக் குறையுங்கள்.

மற்றபடி டார்ச், உதிரி பேட்டரி, பவர் பேங்க், சிறிய ரேடியோ, முதலுதவி, சமைக்காமல் சாப்பிடக் கூடியவை, ஒரு மாற்றுடை, கையுறை, விசில், சோப்பு, சானிட்டரி நாப்கின், கைக்குழந்தைக்கு வேண்டியவை. தீ, புகை வரும் பகுதியென்றால் என்95 முகக்கவசமும் பருத்தி உடையும். செயற்கை இழை உடை உருகி ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி போடுபவர்கள் பழைய கண்ணாடியை எறியாமல் பையில் போடுங்கள். மருந்து ஒரு வாரத்துக்குக் குறையாமல். இன்சுலின் குளிர்ச்சியில் இருக்க வேண்டும்தான், ஆனால் பயன்பாட்டில் இருக்கும் குப்பி பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குள் ஏறத்தாழ 28 நாள் தாங்கும். உங்கள் வகைக்கு எவ்வளவு என்று மருந்தாளரிடம் கேட்டு உறைமேல் எழுதிவையுங்கள்.

கட்டிலுக்கு அடியில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி மூடிய செருப்பு அல்லது ஷூ. இரவில் நிலம் அதிர்ந்தால் முதலில் மிதிப்பது உடைந்த கண்ணாடியைத்தான்.

7. செலவும் காப்பீடும்

ஒரே மாதத்தில் எல்லாம் வாங்க வேண்டாம். பையில் பாதிப் பொருள் வீட்டிலேயே இருக்கும். முதலில் ஜெராக்ஸும் ஜிப் உறையும், அடுத்து டார்ச்சும் பவர் பேங்க்கும், பிறகு மற்றவை. கடையில் தயாராக விற்கும் "அவசரப் பை" எனக்கு வீண்செலவாகத்தான் தெரிகிறது. உங்கள் மருந்தும் உங்கள் பத்திரமும் அதில் இருக்காது. ரொக்கம் கொஞ்சம் சிறிய நோட்டுகளாக வையுங்கள். மின்சாரம் போனால் ஏடிஎம்மும் இல்லை, கார்டும் இல்லை, பெரிய நோட்டுக்குச் சில்லறையும் இல்லை. புயல் பருவத்தில் வண்டியின் டேங்க் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

காப்பீட்டில் நேரம்தான் முக்கியம். வீட்டுக் காப்பீடு இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள், வெள்ளமும் நிலநடுக்கமும் அதில் அடங்குமா என்று பாலிசியைத் திறந்து பாருங்கள். பல பாலிசிகளில் அடங்காது, தனியாகச் சேர்க்க வேண்டும். எடுத்த அன்றே அமலுக்கும் வராது. அமெரிக்காவின் தேசிய வெள்ளக் காப்பீட்டில் பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும். புயல் பெயர் செய்தியில் வந்த பிறகு பாலிசி தேடினால் காரியம் ஆகாது. ஓர் அறை விடாமல் போனில் வீடியோ எடுத்து, விலையுயர்ந்த பொருட்களின் வரிசை எண் தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். அரை மணி நேர வேலை.

8. தாளும் ஒத்திகையும்

இதுவரை முடிவு செய்தது எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். இப்படி:

"கோடு: கல்வெர்ட்டின் மேல்விளிம்பு அல்லது அறிவிப்பு. சொல்பவர்: அம்மா, இல்லாவிட்டால் அண்ணன். போவது: பெரியப்பா வீடு, மேட்டுச்சாலை வழி, அடைபட்டால் பள்ளிக்கூட வழி. கேஸ், மெயின்: அப்பா. கோப்பு: அம்மா. பாட்டியும் மருந்தும்: அண்ணன். பூனை: தங்கை. செய்தி: சித்தி, எண் கீழே."

அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் "கிளம்பு" என்று சொல்லி, கதவைப் பூட்டும்வரை நேரம் பாருங்கள். இன்னொரு முறை இரவில், விளக்கை அணைத்துவிட்டு. பூனை கூண்டில் ஏறாது, டார்ச் எரியாது, சாவி கிடைக்காது. எல்லாம் இன்றே தெரியட்டும். அந்த நேரத்தைத்தான் இரண்டாம் படியின் கணக்கில் போடவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர், மருந்து, பேட்டரியை மாற்றுங்கள். பிள்ளைகளின் உடை அளவு மாறியிருக்கும், அதையும் பாருங்கள்.

9. கிளம்பும் நேரத்தில்

மின்சாரத்தை மெயினில் அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டிருந்தால் சுவிட்சைத் தொடவே வேண்டாம். சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடுங்கள். குழாய் எரிவாயு என்றால், ஒருமுறை பிரதான வால்வை மூடிவிட்டால் திரும்ப நீங்களாகத் திறக்கக்கூடாது, நிறுவனத்தின் ஆள் வந்து சோதிக்க வேண்டும். அதனால் கசிவு வாசனையோ அதிகாரிகளின் உத்தரவோ இருந்தால் மட்டும் மூடுங்கள். தீ என்றால் ஜன்னல் கதவுகளைச் சாத்துங்கள், பறந்துவரும் நெருப்புப் பொறிதான் பல வீடுகளைக் கொளுத்துகிறது. எப்போது, எங்கே போனோம் என்று தொடர்பாளருக்கு ஒரு வரி அனுப்புங்கள். அவசர நிமிடத்தில் ஃப்ரிட்ஜைத் தூக்கி மேசைமேல் வைக்கிறேன் என்று இறங்குபவர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவர் கையில் பூனைக்கூண்டைக் கொடுத்துவிடுங்கள்.

புயலில் நடுவே திடீரென்று அமைதியானால் ஏமாறாதீர்கள். புயலின் கண் கடக்கும்போது அப்படி இருக்கும். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று திரும்ப வரும்.

10. திரும்பி வரும்போது

போகலாம் என்ற அறிவிப்பு வந்த பிறகு, பகலில் போங்கள். வாசனை பிடித்துப் பாருங்கள். கேஸ் வாடை இருந்தால் சுவிட்ச் எதையும் போடாமல் வெளியே வந்துவிடுங்கள். நனைந்த வீட்டில் மின்பணியாளர் பார்க்கும்வரை மெயினைப் போடவேண்டாம். ஜெனரேட்டர் வைத்தால் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. வெள்ளநீரில் சாக்கடை கலந்திருக்கும், கையுறை இல்லாமல் எதையும் தொடாதீர்கள். அந்தத் தண்ணீர் பட்ட உணவுப் பொருளை யோசிக்காமல் கொட்டுங்கள்.

கழுவ ஆரம்பிக்கும் முன் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிய வேண்டும், பக்கத்தில் ஓர் அளவுநாடாவைப் பிடித்து எடுத்தால் இன்னும் நல்லது. காப்பீட்டு ஆய்வாளர் வரும்வரை சேதமான பொருளை வீசாதீர்கள். நாற்றம் தாங்காமல் வெளியேற்றியே ஆக வேண்டிய மெத்தை, தரைவிரிப்பு போன்றவற்றைப் படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டி, எந்த அறை என்று சீட்டு எழுதி உறையில் போட்டு வையுங்கள்.